மூன்றாவது ஓலை

கடலூர் முதுநகரில் ஞானசேகரன் வீட்டாரைக் கைகளைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடலாம். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெளிப்புறத்தில் பழுப்பும் கறுப்புமாகக் கோடுகள் ஓடும். அவர்களுடையது விறகு அடுப்பு பேக்கரி. பன் வெந்த தட்டை உள்ளிருந்து இழுக்கும்போது அடுப்பு வாயின் இரும்பு கையில் படும். இல்லாவிட்டால் தட்டின் விளிம்பு படும். ஞானசேகரனுக்கும் அவர் மனைவி ராஜாமணிக்கும் அந்தத் தழும்புகள் உண்டு. இருபத்தெட்டு வயது மகன் அருள்மொழிக்கும் உண்டு.

சூடு பட்டால் அந்த வீட்டில் யாரும் கத்துவதில்லை. "ஒப்புக்குடு" என்பாள் ராஜாமணி. செத்தபின் பாவம் கழியும்வரை உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேதனைப்படும் ஆத்துமாக்களுக்காக அந்த வலியை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்துவிட வேண்டும் என்று அர்த்தம். அவளுடைய அம்மா அவளுக்குச் சொன்னதை அவள் மகனுக்குச் சொன்னாள். அவன் பள்ளிக்கூடம் விட்டு வந்து முதன்முதலாகத் தட்டு இழுத்த நாளிலிருந்து சொல்லிவருகிறாள். பிறகு கையைத் தண்ணீரில் காட்டிக் களிம்பு தடவிக்கொண்டு அடுத்த தட்டுக்குப் போய்விடுவார்கள்.

அருள்மொழிக்கு நவம்பர் கடைசியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் கிறிஸ்துமஸ் முடியும்வரை கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால் கொஞ்சம் அவசரம். பெண் சிதம்பரத்துக்காரி, பெயர் வினோதினி. அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். கத்தோலிக்கர்களுக்குக் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை படிக்க வேண்டும். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று சாமியார் வாசிப்பார். முதல் ஓலை படித்த ஞாயிறன்று கடைக்கு வந்த எல்லோருக்கும் ஞானசேகரன் இனாமாகத் தேங்காய் பன் கொடுத்தார். இரண்டாவது ஓலைக்கு மறுநாள் வினோதினியிடமிருந்து போன் வந்தது.

அன்று காலையிலிருந்தே வானம் மூடிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்ததால் படகுகள் கடலுக்குப் போகவில்லை. போகாத நாளில் டீக்கடைகளில் கூட்டம் நிற்கும், பன் கூடுதலாக ஓடும். ஞானசேகரன் மழைக்கு முன்னால் சவுக்கு விறகு பார்த்துவிட்டு வர ஆலப்பாக்கம் பக்கம் போயிருந்தார். ராஜாமணி கல்லாவில் இருந்தாள்.

"அத்த, ஒண்ணு கேப்பேன், கோச்சிக்கக் கூடாது," என்றாள் வினோதினி. "ஒங்க கையில சூட்டுத் தழும்பு எந்தப் பக்கம் இருக்கு?"

"வெளிப்பக்கந்தான். ஏம்மா?"

"அவருக்கு உள்பக்கமும் இருக்கு. மேல, சட்டக் கைக்கு உள்ள. கோயில்ல நடந்த கல்யாண வகுப்புல பெஞ்சு தூக்கிப் போடறப்ப பாத்தேன். கேட்டதுக்கு ட்ரே பட்டுச்சுன்னாரு. நான் தெனம் புண்ணுக்குக் கட்டுப் போடறவ அத்த, எனக்குத் தெரியாதா? வகுப்பு முடிஞ்சி டீக்கடையில ஒக்காரவச்சி மறுபடி கேட்டேன். எல்லாத்தயும் சொல்லிட்டாரு."

"என்னா சொன்னான்?"

"அத அவருதான் ஒங்ககிட்ட சொல்லணும். என் வாயால வேணாம். ஞாயித்துக்கெழம மூணாவது ஓலை. அதுக்குள்ள கேட்டுடுங்க."

ராஜாமணி போனை வைத்தாள். அந்தத் தழும்புகளை அவள் பார்க்காதவள் அல்ல. கோடையில் சட்டையில்லாமல் மாவு மூட்டை இறக்கும்போது பார்த்திருக்கிறாள். எங்கே பட்டது என்று கேட்டிருக்கிறாள். அவன் அடுப்பு என்றிருக்கிறான். களிம்பை எடுத்து அவளே தடவியும் விட்டிருக்கிறாள். வேறொரு வீடாக இருந்தால் அம்மா டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பாள். இந்த வீட்டில் அது இன்னொரு சூடு. ஒப்புக்குடு என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருக்கிறாள்.

மத்தியானத்துக்கு மேல் ரஸ்க் வேலை. முந்தின நாள் பிரெட்டைத் துண்டு போட்டுத் தட்டில் பரப்பி, தணிந்த அடுப்பில் வைத்து, பாதியில் எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். அம்மாவும் மகனும் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றார்கள். முதல் தட்டு உள்ளே போனதும் ராஜாமணி சொன்னாள்.

"சட்டக் கைய மேல தூக்கு."

அவன் தூக்கவில்லை. "வினோதினி சொல்லிட்டாளா?" என்றான்.

"பாக்கச் சொன்னா. மத்தத நீ சொல்லுவன்னா."

அவன் துண்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தான். பிறகு சட்டைக் கையைச் சுருட்டிவிட்டான். அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். தொடவில்லை. திரும்பி வந்து தன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"நீயே பண்ணிக்கிட்டதா?"

"ம்."

"ஏன்டா?"

"ஒரேடியா கேட்டா எங்கேர்ந்து சொல்றது? ஒண்ணொண்ணா கேளு. சொல்றேன்."

அவளுக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணைப் பிடிக்கவில்லையா என்று கேட்டாள். பிடித்திருக்கிறது, நல்ல பெண் என்றான். வேறு யாரையாவது மனதில் வைத்திருக்கிறானா என்றாள். இப்போது இல்லை என்றான்.

"அப்ப முன்னாடி இருந்தாளா?"

"இருந்தான்."

அவள் கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்தாள். அது கோணலாக விழுந்தது. நேராக்கினாள்.

"பையனா?"

"ஆமா. பேரு கேக்காதம்மா. அவனுக்குக் கல்யாணம் ஆயி கொழந்த இருக்கு."

"இது சினிமா பாத்து, போனு பாத்து வந்ததா?"

அவன் லேசாகச் சிரித்தான். "ஒம்பதாவது படிக்கறப்ப நம்ப வீட்டுல பட்டன் போனுதான் இருந்துச்சு. அப்பயே தெரியும்."

"பொண்ணுங்க மேல ஆசையே வராதா?"

"வராதும்மா. வரணும்னு செபம் பண்ணிருக்கேன். வேளாங்கண்ணிக்கு நடந்தே போனேன்ல, அது கட நல்லா ஓடணும்னு இல்ல."

அடுப்பிலிருந்து வாசனை வந்தது. இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுத் தட்டை இழுத்தார்கள். சூட்டோடு துண்டுகளைத் திருப்பிப் போட்டார்கள். விரல் நுனிகள் பழகியவை. மறுபடி தட்டு உள்ளே போனபின் அவள் கேட்டாள்.

"கைய எப்ப பண்ணிக்குவ?"

"சாமியாருகிட்ட பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்தப்பறம். மொதல்ல அப்பிடித்தான் ஆரம்பிச்சேன். சாமியாரு ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுன்னு அனுப்பிடுவாரு. அது போதாதுன்னு தோணும். உத்தரிக்கிற ஸ்தலத்துல அனுபவிக்கறத இங்கியே கொஞ்சம் கழிச்சிக்கலாம்னு நெனச்சேன். அப்பறம் அதெல்லாம் இல்லாமயே பழக்கமாயிடுச்சு. மனசு ரொம்ப அடைச்சிக்கிச்சின்னா கை தானா போவும்."

கழித்துக்கொள்வது, ஒப்புக்கொடுப்பது எல்லாம் யார் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் என்று இருவருக்கும் தெரியும்.

"ஒன்னத் தப்பு சொல்லலம்மா," என்றான் அவன்.

"தெரியும். செத்துப் போவணும்னு நெனச்சியா?"

அவ்வளவு நேராக அவள் கேட்பாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. நிமிர்ந்து பார்த்தான்.

"நெனச்சிருக்கேன். மொத ஓலை படிச்ச அன்னிக்கி ஜாஸ்தியா இருந்துச்சு. எம்பேரயும் அந்தப் பொண்ணு பேரயும் சேத்து மைக்குல படிக்கறாரு, நீ என்னத் திரும்பிப் பாத்து சிரிக்கற. எங்கியாச்சும் போயிடலாம்னு தோணுச்சு."

"இப்ப?"

"டீக்கடையில அவகிட்ட சொன்னப்பறம் கொஞ்சம் பரவால்ல."

"அப்ப ஏன்டா பொண்ணு பாக்கறப்பயே வாயத் தொறக்கல?"

"நீங்க ரெண்டு பேரும் ரொம்ப நாளு கழிச்சி சந்தோஷமா இருந்தீங்க."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுப்புக்கு எதிரில் நிற்பவர்கள் எப்போதும் செய்வதுதான். ரஸ்க் சிவந்திருந்தது. தட்டை அவளே இழுத்தாள்.

சாயந்திரம் ஞானசேகரன் வந்து கைகால் கழுவிச் சாப்பிட்டு முடித்தபின் ராஜாமணி சொன்னாள். அருள்மொழி பக்கத்தில் நின்றிருந்தான். ஞானசேகரன் கேட்டு முடித்தபின், ஊரெல்லாம் பத்திரிகை வைத்தாயிற்று, பண்ருட்டியிலிருக்கும் தன் அக்கா வீட்டார் வேன் பேசிவிட்டார்கள், கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். மகனைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"யாருக்கு சரியாப் போவும்? அந்தப் பொண்ணுக்கா?" என்றாள் ராஜாமணி.

அவர் எழுந்து மாவு அறைக்குப் போனார். பிசைவதற்கு மெஷின் இருக்கிறது. அன்று அவர் அதைப் போடவில்லை. கையாலேயே பிசைந்தார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை வரை வீட்டில் யாரோடும் அவர் பேசவில்லை. வேலையில் மட்டும் தட்டு, உப்பு, ஈஸ்ட் என்று ஒற்றைச் சொற்கள்.

புதன்கிழமை சாயந்திரம் ராஜாமணி பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனாள். சாமியாருக்கு ஐம்பது வயதிருக்கும். சேத்துப்பட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர், அதிகம் பேசாதவர். தோத்திரம் சொல்லிவிட்டு உட்கார்ந்ததுமே அவள் ஆரம்பித்தாள்.

"தடை இருக்கறது தெரிஞ்சவங்க வந்து சொல்லணும்னு படிக்கறீங்கல்ல சாமி. எனக்குத் தெரியும். சொல்ல வந்துருக்கேன்."

"யாரு கல்யாணத்துக்கும்மா?"

"எம்புள்ள கல்யாணத்துக்கு."

எல்லாவற்றையும் சொன்னாள். இதை நீங்கள் சொல்ல வந்தது அவனுக்குத் தெரியுமா என்று அவர் கேட்டார். அவன்தான் வண்டியில் கொண்டுவந்து விட்டான், வேப்பமரத்தடியில் நிற்கிறான் என்றாள். அவர் ஜன்னல் வழியே பார்த்தார். தூறலில் அருள்மொழி வண்டிமேல் உட்கார்ந்திருந்தான்.

"இது பாவமா சாமி?"

"அவன் அப்பிடி இருக்கறது பாவமில்ல. இது நான் ஒங்க ஆறுதலுக்குச் சொல்றதில்ல, திருச்சபை சொல்றது. அதுக்கு மேல ஒடம்பு சம்பந்தமா திருச்சபைக்கு ஒரு போதன இருக்கு. அது ஒங்களுக்கும் கஷ்டமா இருக்கும், அவனுக்கும் கஷ்டமா இருக்கும். அத நான் மறைக்கவும் மாட்டேன், அத வச்சி அவன அடிக்கவும் மாட்டேன்."

"நன்மை வாங்கலாமா?" பூசையில் தரும் திருஅப்பத்தைத்தான் கேட்டாள்.

"இவ்வளவு நாளு வாங்கினான்ல? இப்ப மட்டும் என்னா வந்துச்சு?"

"கைய அப்பிடி பண்ணிக்கிட்டானே, ஆண்டவர் குடுத்த ஒடம்ப."

"அது நோவும்மா. நோவுக்கு டாக்டர பாக்கணும். பாவசங்கீர்த்தனத் தொட்டியில அதுக்கு மருந்து இல்ல."

அவள் தயங்கினாள். கல்லறைத் திருநாள் வந்துபோய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. தன் பெரியப்பாவை அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் தானே உயிரை விட்டவர் என்பதால், அவள் சிறுமியாக இருந்தபோது, கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே மதிலோரமாகப் புதைத்தார்கள். மணி அடிக்கவில்லை. வருடா வருடம் அந்த இடத்தில் மெழுகுவத்தி கொளுத்துவது அவள் மட்டுந்தான்.

"எம்புள்ள செத்துருந்தா நீங்க எங்க சாமி வச்சிருப்பீங்க?"

"உள்ளதாம்மா வச்சிருப்பேன். மணி அடிச்சி, பூச வச்சி. இப்பல்லாம் யாரயும் வெளிய வைக்கறதில்ல. முன்னாடி வச்சதுக்கு நான் என்ன சமாதானம் சொல்றது, எனக்குத் தெரியல." பிறகு, "மனசில்லாம குடுக்கற சம்மதம் சம்மதமே இல்ல. அப்பிடி நடந்தா அது கல்யாணமே இல்லன்னு ஆயிடும். மூணாவது ஓலைய நான் படிக்கல. காரணம் யாருக்கும் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லணும்னு இல்ல" என்றார்.

அவளை உட்காரச் சொல்லிவிட்டு, குடை எடுக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போனார். அருள்மொழி வண்டியிலிருந்து இறங்கினான். இருவரும் வெகுநேரம் நின்று பேசினார்கள். அவள் ஜன்னல் பக்கம் போகவில்லை. அவன் திரும்பி வந்தபின் என்ன பேசினீர்கள் என்று கேட்கவும் இல்லை.

டாக்டரை ஏற்பாடு செய்தது வினோதினிதான். அவள் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு வெள்ளிக்கிழமைகளில் மனநல டாக்டர் ஒருவர் வருவார். அம்மாவும் மகனும் காலை பஸ்ஸில் கிளம்பினார்கள். புதுச்சத்திரம் தாண்டியபோது மழை பிடித்துக்கொண்டது. வெள்ளாற்றில் செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடியது. ராஜாமணியின் மடியில் ஒரு பையில் ரஸ்க்கும் உப்பு பிஸ்கட்டும். எந்த முகத்தோடு அதைக் கொடுப்பது என்று தெரியாமலே எடுத்து வந்திருந்தாள்.

அருள்மொழி உள்ளே போனபின் அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இடைவேளையில் வினோதினி இரண்டு டம்ளர் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கண் கொஞ்சம் வீங்கியிருந்தது. பையைப் பார்த்தாள்.

"இத எங்க வீட்டுக்குக் கொண்டு போவ முடியாது அத்த. எங்கம்மா தொட மாட்டாங்க. குடுங்க, வார்டுல குடுத்துடறேன். கல்யாணம் நின்ன வீட்டு ரஸ்க்குன்னு சொல்லாம இருந்தா சாப்புடுவாங்க."

ராஜாமணிக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. "இன்னும் அத்தன்னு கூப்புடறியேம்மா."

"வேற எப்பிடிக் கூப்புடறது? வாயி பழகிடுச்சு."

வீட்டில் என்ன சொன்னாள் என்று ராஜாமணி கேட்டாள். சம்மதம் இல்லை என்று மட்டும் சொன்னதாகவும், யாருடைய சம்மதம் என்று கேட்டதற்குத் தன்னுடையது என்று சொல்லிவிட்டதாகவும் வினோதினி சொன்னாள். அவளுடைய அப்பா அடிக்கச் செருப்பைக் கழற்றிவிட்டார், அம்மா சாப்பிடவில்லை, சித்திகள் போனில் மாறி மாறித் திட்டுகிறார்கள்.

"நீ ஏம்மா பழிய ஏத்துக்கற? நாங்க ஏத்துக்கறோம்."

"ஒங்களுக்காகன்னு நெனச்சிடாதீங்க. எனக்குக் கோவம் இருக்கு. பொடவ எடுக்கறப்ப நாலு மணி நேரம் பக்கத்துல ஒக்காந்துருந்தாரு, அப்ப சொல்லிருக்கலாம்ல? ஓலைய ரெண்டு ஊருலயும் படிக்க விட்டாரு. ஆனா தாலி ஏறினப்பறம் நானா கண்டுபுடிச்சிருந்தா? எனக்குள்ள என்னா கொறன்னு வாழ்நாளெல்லாம் தேடிகிட்டு இருந்துருப்பேன்." டீயைக் குடித்து முடித்தாள். "எனக்கு அவர புடிச்சிருந்துச்சு அத்த. அதான் கஷ்டம்."

ராஜாமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வார்டிலிருந்து யாரோ சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். வினோதினி ரஸ்க் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். வாராவாரம் வந்து பேச வேண்டும் என்றிருந்தார். நீ இப்படி இருப்பதற்கு மருந்து இல்லை, மருந்து வேண்டியதும் இல்லை, மனசு அடைத்துக்கொள்வதற்குத்தான் இது என்று அவர் சொன்னதை அருள்மொழி பஸ்ஸில் அம்மாவிடம் சொன்னான். அவள் அதைத் திரும்ப ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு மூவரும் போனார்கள். ஞானசேகரன் வழக்கம்போல ஆண்கள் பக்கம் கதவோரமாக நின்றுகொண்டார். அறிவிப்புகள் வந்தன. சாமியார் வேறு இரண்டு ஜோடிகளுக்கு ஓலை படித்தார். ஒரு ஜோடிக்கு முதல் ஓலை, இன்னொரு ஜோடிக்கு இரண்டாவது. படித்து முடித்துத் தாளை மடித்தார். பெண்கள் பக்கத்தில் இரண்டு மூன்று தலைகள் ராஜாமணியை நோக்கித் திரும்பின. அவள் பீடத்தைப் பார்த்தபடி இருந்தாள். நன்மைக்கு வரிசை நின்றபோது அருள்மொழி எழுந்திருக்கவில்லை. அவள் மட்டும் போய் வாங்கிக்கொண்டு வந்தாள்.

பூசை முடிந்ததும் கூட்டம் நேராக பேக்கரிக்குத்தான் வரும். அரைமணி நேரத்துக்கு மூச்சுவிட முடியாது. ஞானசேகரன் கல்லாவில் நின்றார், ராஜாமணி காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள், அருள்மொழி உள்ளிருந்து தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தான்.

முதலில் கேட்டது கோயில் உபதேசியார். மூன்றாவது ஓலை விட்டுப்போய்விட்டதே என்றார். தேதி தள்ளிப் போயிருக்கிறது என்றார் ஞானசேகரன். அடுத்து வந்தவரிடமும் அதையே சொன்னார். மூன்றாவதாக வந்தவள் தெருக்கோடி அமராவதி. பாடற்குழுவில் முன்வரிசைக்காரி, எதையும் பாதியில் விடாதவள்.

"தள்ளிப் போயிருக்கா? எந்த மாசத்துக்கு? திருவருகைக்காலம் வந்துடுதே. பெரிய பொங்கலுக்கு அப்பறமா? பொண்ணு வீட்டுல ஏதாச்சுமா?"

ராஜாமணி சுற்றிக்கொண்டிருந்த காகிதத்தை நிறுத்திவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். உள்ளேயிருந்து தட்டோடு வந்த அருள்மொழியும் வாசற்படியில் நின்றுவிட்டான். கடையில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

"பொண்ணு வீட்டுல ஒண்ணுமில்ல," என்றார் ஞானசேகரன். "அந்தப் பொண்ணு தங்கமான பொண்ணு. யாரும் அதப்பத்தி ஒரு வார்த்த பேசக் கூடாது. எம்பையனுக்குச் சம்மதம் இல்ல. அதனால நிறுத்திட்டோம். ஒனக்கு பன்னு எத்தன?"

அமராவதி பையை நீட்டினாள். "ஆறு," என்றாள்.

"தேங்கா பன்னா, வெறும் பன்னா?"

"மூணு மூணு குடு."

அதற்குப் பின்னால் நின்றவர்கள் யாரும் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு வெளியே போய்க் குடைக்குள் பேசிக்கொண்டார்கள்.

கூட்டம் வடிந்ததும் ஞானசேகரன் கல்லாவை ராஜாமணியிடம் விட்டுவிட்டு உள்ளே போனார். அருள்மொழி குந்தி உட்கார்ந்து அடுப்பிலிருந்து சாம்பலை வாரிக்கொண்டிருந்தான். அவர் நின்று பார்த்தார். பிறகு எதிரில் ஒரு மாவு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"டேய்."

"என்னாப்பா?"

"ஒங்கம்மா எல்லாத்தயும் கேட்டுட்டா. சாமியாரு கேட்டாச்சு, டாக்டரு கேட்டாச்சு. எனக்கு அதெல்லாம் கேக்க வராது. கேட்டாலும் புரியாது. ஒண்ணே ஒண்ணு சொல்லு." அவர் தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ இருப்பல்ல?"

அருள்மொழி சாம்பல் அள்ளும் தகரத்தைக் கீழே வைத்தான். ஆமாம் என்று சொல்லிவிடுவது சுலபமாக இருந்திருக்கும்.

"இன்னிக்கி இருப்பேன்பா," என்றான். "நாளைக்கும் கேளு."

ஞானசேகரன் தலையை ஆட்டினார். எழுந்து, வேட்டியில் ஒட்டிய மாவைத் தட்டிவிட்டுக்கொண்டு கடைக்குப் போனார்.

மறுநாள் விடியற்காலையில், அடுப்புக்கு விறகு வைத்துக்கொண்டே கேட்டார்.